பெட்டிச் சாவி என்னிடம் இருந்தது

வேலைநிறுத்தம் ஜெயித்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளையார்பாளையத்தில் அந்த நாட்களை நினைவு வைத்திருப்பவர்கள் இன்றும் என்னைப் பற்றி மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். கூலி வெட்டு ரத்தானது. எனக்கு மாலை போட்டார்கள். சங்கத்தார் எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் புகைப்படம்கூட எடுத்தார்கள். நான் எழுதப்போவது அந்தப் படத்தில் இல்லாத ஒருவரைப் பற்றி.

முப்பதுகளின் தொடக்கம். நான் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியன். வீடு சின்னக் காஞ்சிபுரத்தில், கோயிலுக்குப் பக்கத்தில். எங்கள் குடும்பத்தில் வேதம் படித்தவர்கள் உண்டு, வக்கீல்கள் உண்டு. தறியில் உட்கார்ந்தவர்கள் கிடையாது. பட்டு வியாபாரிகள் சந்தை மந்தம் என்று சொல்லி நெசவுக் கூலியில் ரூபாய்க்கு இரண்டணா குறைத்தார்கள். நெசவாளர்கள் சங்கம் வைத்தார்கள். கலெக்டருக்கு மனு எழுத இங்கிலீஷ் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. என் பெண்ணின் கல்யாணத்துக்குக் கூறைப்புடவை நெய்துகொண்டிருந்தவர் ஒருநாள் நாலு பேரோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அப்படித்தான் நான் சங்கத்தின் காரியதரிசி ஆனேன்.

அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். நான் அவரை 'நீ' என்று அழைத்தேன்; அவர் என்னைச் 'சாமி' என்றார். அது எங்கள் இருவருக்கும் அப்போது உறுத்தவில்லை. இப்போது எழுதும்போது 'அவர்' என்று வருகிறது. காலம் கடந்து கொடுத்த மரியாதை.

தறியை நிறுத்துவது என்று முடிவான கூட்டத்தில் அவர்தான் எழுந்து பேசினார்.

"போன தபா இன்னா ஆச்சி? நிறுத்தறோம்னு சத்தியம் பண்ணாங்க. ஒருத்தன் மச்சினி கல்யாணம்னு நெய்ஞ்சான். ஒருத்தன் பாவுல ஒரு முழம்தான் மிச்சம்னு நெய்ஞ்சான். மூணாம் நாளு தெருவே தடதடன்னு ஆடிக்கினு இருந்திச்சி."

"அந்த மச்சினிக்கு இன்னும் கல்யாணம் ஆவலபா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் சிரிக்கவில்லை. "நாடாவக் குடுத்துடணும். எல்லாரும். ஒரே பெட்டியில போட்டுப் பூட்டணும்" என்றார்.

நாடா என்பது தறியில் ஊடை நூலை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் கொண்டுபோகிற சிறிய மரக்கட்டை. கையில் அடங்கும். அது இல்லாமல் தறி வெறும் மரச்சட்டம். ஒரு தச்சனிடம் சொன்னால் புதிதாகச் செய்து தந்துவிடுவான், உண்மைதான். ஆனால் தன் கைபட்டுத் தேய்ந்த நாடாவை நாலு பேர் பார்க்கப் பெட்டியில் போட்டவன் வேறொன்றை எடுக்க மாட்டான் என்பது அவர்களுடைய நம்பிக்கை.

"சாவி யார்கிட்ட?" என்று கேட்டார்கள்.

"சாமிகிட்ட இருக்கட்டும். அவருக்குத் தறியும் இல்ல, மொதலாளியும் இல்ல" என்றார் அவர்.

அவரே முதலில் வந்து தன் மூன்று நாடாக்களையும் பெட்டியில் வைத்தார். நடுப்பகுதிக்கு ஒன்று, இரண்டு கரைகளுக்கும் ஒவ்வொன்று. என் பெண்ணின் புடவை அவர் தறியில் அப்படியே நின்றது. நான் தீர்மானத்தைத் தமிழில் எழுதி வாசித்தேன்: வேலைநிறுத்தம் முடியும்வரை எக்காரணம் கொண்டும் எவரும் தறி தொடுவதில்லை. அந்த 'எக்காரணம் கொண்டும்' நான் சேர்த்தது. கைதட்டினார்கள். சாவியைப் பூணூலில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஐந்து வாரம் போனது. தறிச்சத்தம் இல்லாத பிள்ளையார்பாளையத்தை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. குழந்தைகள் அழுவது நாலு வீடு தள்ளிக் கேட்டது. வீடுகளில் முதலில் பித்தளைக் குடங்கள் போயின, பிறகு அண்டாக்கள். நான் மனுமேல் மனு எழுதினேன். நன்றாகத்தான் எழுதினேன்.

அந்த நேரத்தில் சம்பந்தி வீட்டிலிருந்து கடிதம் வந்தது. கூறை பிள்ளை வீட்டார் எடுப்பது வழக்கம். நீங்கள் காஞ்சிபுரத்திலேயே இருப்பதால் நல்ல கையாகப் பார்த்து நெய்யச் சொல்லுங்கள் என்று அவர்கள் முன்பே பணம் அனுப்பியிருந்தார்கள். ஆனி முதல் முகூர்த்தம். அதற்கு முன்னால் புடவையைப் பார்க்கச் சம்பந்தி மாமி வருவதாக எழுதியிருந்தது.

என் மனைவி கடிதத்தை மடித்து என் முன்னால் வைத்தாள். "மாமி வந்தா நான் எதைக் காட்டறது? பிள்ளையார்பாளையத்துக்கு அழைச்சுண்டு போய்த் தறியோட சேர்த்துக் காட்டட்டுமா?"

"கடையில் வேறு ஒன்று வாங்கிவிடலாம்" என்றேன்.

"எந்தக் கடையில? நீங்க மனு எழுதறேளே, அவா கடையிலயா?"

அதுதான் என்னை மடக்கியது. காரியதரிசி பகல் வெளிச்சத்தில் வியாபாரியின் கடைப்படி ஏறினால் ஊர் பேசும். தறியில் மிச்சமிருந்த இரண்டு முழத்தை யாருக்கும் தெரியாமல் நெய்து முடித்தால் ஒருவரும் பேச மாட்டார்கள். அன்று எனக்கு இரண்டாவதுதான் கௌரவமாகப் பட்டது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கேழ்வரகுக் கூழைச் சட்டியில் கரைத்துக்கொண்டிருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"வேணாம் சாமி" என்றார்.

"இது முதலாளி கொடுத்த பட்டு இல்லையேப்பா. என் பட்டு. கூலியும் நீ கேட்டதைக் கொடுத்தேன். சண்டை அவர்களோடுதானே?"

"நாடாவுக்கு யாரு பட்டுன்னு தெரியாது சாமி. சத்தம் ஒண்ணுதான்."

"இரண்டு முழம்தானே மிச்சம்? என் பெண்ணுக்கு ஒரு தடவைதான் கல்யாணம்."

அவர் மனைவி சட்டியிலிருந்து தலை தூக்காமல் 'வத்து' என்றாள். வேண்டாம் என்பதற்குத் தெலுங்கு. அந்த ஒரு சொல்லை நான் புரியாததுபோல் இருந்துவிட்டேன். அவர் தறிப்பக்கம் திரும்பினார். "மத்தவங்க கேட்டிருந்தா செருப்பால அடிச்சிருப்பேன். கேக்கறது நீங்க" என்றார்.

எந்த நாள் என்பதை அவரே குறித்தார். உற்சவத்தில் பெருமாள் பெரிய காஞ்சிபுரத்துக்கு எழுந்தருளும் நாள். தெரு முழுக்க ஜனம் இருக்கும், மேளம் இருக்கும். மேளம் கேட்கும்போது மட்டும் நெய்கிறேன் என்றார். முந்தின நாள் மத்தியானம், சங்கத்து அறையில் யாரும் இல்லாதபோது, பெட்டியைத் திறந்து அவருடைய மூன்று நாடாக்களை எடுத்தேன். மேல்துண்டில் சுற்றி, பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுபோனேன்.

உற்சவத்தன்று நான் தெருவில் நெசவாளர்களோடு நின்றுகொண்டிருந்தேன். அவர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. நாகசுரமும் தவிலும் நெருங்கி வந்தன. உள்ளே தறி ஓடுகிறது என்று எனக்கு மட்டும் தெரியும். பெருமாள் அந்த வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி வந்தபோது, தூக்கிவந்தவர்கள் தோள் மாற்றுவதற்காகப் பல்லக்கைத் தாங்குகட்டையில் நிறுத்தினார்கள். அந்த இடத்தில் நிறுத்துவது வழக்கமில்லை. தவில் சட்டென்று ஓய்ந்தது.

தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருப்பவனுக்கு வெளியே மேளம் நின்றது உடனே உறைக்காது போலிருக்கிறது. தட்... தட்... தட். மூன்று அடி. நாலாவது அடி விழவில்லை.

ஐந்து வாரமாக அந்தச் சத்தத்துக்கு ஏங்கிக் கிடந்த தெரு அது. அத்தனை தலையும் ஒரே சமயத்தில் திரும்பியது.

"இன்னாபா, பெருமாளுக்குப் பட்டு நெய்யறானா?" என்று யாரோ ஒருவன் கேட்டான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

பெருமாள் தெருமுனை தாண்டும்வரை பொறுத்திருந்தார்கள். பிறகு கதவைத் தட்டினார்கள். அவரே திறந்தார். கையில் நாடா இருந்தது. சங்கத்தில் அவரோடு சேர்ந்து என்னிடம் வந்த நாலு பேரில் ஒருவர்தான் அவர் சட்டையைப் பிடித்தார்.

"மொத மொத பெட்டியில போட்டவன் நீதானடா! உன்னைப் பாத்துதானே நாங்க போட்டோம்! எத்தினி கொழந்தைங்க கஞ்சி இல்லாம கெடக்குது!"

அவர் கூட்டத்தின் தலைகளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். ஒருமுறைதான்.

"நாடா ஏதுடா? பெட்டிய ஒடைச்சியா?"

"இல்ல. தச்சன்கிட்ட சொல்லி செஞ்சி வாங்கினேன்" என்றார்.

உடனே என் பக்கம் திரும்பினார்கள். "சாமி, பெட்டி பூட்டி இருக்குதா?"

இந்த இடத்தை நான் எத்தனையோ முறை மனத்துக்குள் திருத்தி எழுதிப் பார்த்திருக்கிறேன். நடந்தது இதுதான். பூணூலில் தொங்கிய சாவியை வெளியே எடுத்துக் காட்டி, "பூட்டித்தான் இருக்கிறது. அவன் போட்டது அப்படியே உள்ளே இருக்கிறது" என்றேன். அந்த வார்த்தைகளைத் தெளிவாகவும் உரக்கவும் சொன்னேன். வகுப்பில் பேசுகிற குரல். காரியதரிசியின் வார்த்தை என்பதால் ஒருவரும் போய்த் திறந்து பார்க்கவில்லை.

தண்டனையை அன்று மாலையே தீர்மானித்தார்கள். அடிக்கவில்லை, அபராதம் போடவில்லை. இனி அவர் பாவுக்கு யாரும் கை கொடுக்கக் கூடாது என்றார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஒரு புடவைக்குப் பாவாகிற நீளவாட்டுப் பட்டு இழைகளைத் தறியில் ஏற்றுவதற்கு முன், தெரு நீளத்துக்கு அவற்றை விரித்துப் பிடித்துப் பதப்படுத்த வேண்டும். அக்கம்பக்கத்தார் எட்டுப் பத்துப் பேர் விடியற்காலையில் வந்து பிடிப்பார்கள். இன்று உன் பாவு, நாளை என் பாவு. அந்தக் கைகள் இல்லாதவனால் ஒரு புடவைகூட நெய்ய முடியாது. தீர்மானத்தை எழுதியது யார் என்று கேட்க வேண்டாம். எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தானே.

இரண்டு நாள் கழித்து அவர் மனைவி எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்துக்கு வந்தாள். ஒரு மூட்டையை என்னிடம் கொடுத்தாள். புடவையை நெய்த அளவுக்கு அறுத்து மடித்திருந்தார்கள். அதன் மடிப்புக்குள் மூன்று நாடாக்களும் இருந்தன.

"பெட்டியில வெச்சிடுங்க சாமி. தொறக்கும்போது கொறையப் போவுது. உங்க பேரு கெட்டா மனு கெட்டுடும்னு சொல்லச் சொன்னாரு."

நான் அவற்றைப் பழையபடி அடியில் வைத்தேன். சங்கம் உடையக்கூடாது என்பதற்காகவே மௌனமாக இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மை இருந்தது. மறுபாதி, என் வேலை, என் சம்பந்தி, என் பெயர்.

அதற்கடுத்த மாதம் வியாபாரிகள் இறங்கி வந்தார்கள். பெட்டியைத் திறந்து ஒவ்வொருவரும் தம் நாடாவைக் கண்ணில் ஒற்றி எடுத்துக்கொண்டார்கள். அடியில் மூன்று மிஞ்சின. அவற்றை யாரும் தொடவில்லை. அன்றாவது நான் பேசியிருக்கலாம். கூலி திரும்பிவிட்டது, உடைவதற்கு ஒன்றும் இல்லை. என் கழுத்தில் மாலை இருந்தது.

கல்யாணமும் நடந்தது. முந்தியை முதலிலேயே நெய்துவிட்டிருந்ததால், குறைந்த இரண்டு முழமும் உள்ளே செருகுகிற பக்கம். என் மனைவி கொஞ்சம் இறுக்கிக் கட்டிவிட்டாள். சம்பந்தி மாமி கரையைத் தடவிப் பார்த்து, நல்ல கை என்றாள். அந்த இரண்டு முழத்துக்குத் தேவையே இருந்திருக்கவில்லை.

அவர் வாலாஜாபாத் போய் ஒரு அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறார் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று. ரயிலில் போனேன். பெட்டியில் மிஞ்சிய மூன்று நாடாக்களையும் பையில் எடுத்துக்கொண்டேன். மில்லுக்குப் பின்னால் ஒரு குடிசை. அவர் தலையிலும் புருவத்திலும் தவிடு படிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பழக்கம்.

"பாப்பா சௌக்கியமா சாமி? புடவ கட்டிக்கிச்சா?"

கட்டிக்கொண்டாள் என்றேன். பிறகு, "சங்கத்தில் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் திரும்பி வந்துவிடலாம்" என்றேன். நான் அவரை 'நீங்கள்' என்று சொன்னது அன்றுதான்.

அவர் கையை விரித்துக் காட்டினார். விரல்கள் காய்த்துத் தடித்திருந்தன. "இந்தக் கையில பட்டு நிக்குமா சாமி? சிக்கிக்கும். உடுங்க" என்றார்.

உடுங்க என்றாரே, அதைப் பிடித்துக்கொண்டேன். அவர் தடுத்ததால் சொல்லவில்லை என்று பிற்பாடு சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. நாடாக்களை எடுத்து வைத்தேன். அவர் வாங்கி, கட்டைவிரலால் ஒன்றை ஒருமுறை தடவிவிட்டுப் பரணில் போட்டார்.

நான் கிளம்பியபோது அவர் மனைவி வாசல்வரை வந்தாள். "மில்லுலயும் சங்கம் வைக்கறாங்க சாமி. மூட்டைக் கூலி கொறைக்கறாங்களாம். இவருதான் மொத ஆளா பேரு குடுத்திருக்காரு."

"அப்படியா" என்றேன்.

"மனு எழுத ஆளு தேடிக்கினு இருக்காங்க" என்றாள். "நீங்க வந்துடாதீங்க."

உள்ளேயிருந்து அவர், "ஏ, சும்மா இரு" என்று அதட்டினார். அவள் அங்கேயே நின்றாள், நான் தண்டவாளத்தைத் தாண்டும்வரை.

நான் போகவில்லை. அந்த மனுவை யார் எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது.