கேன்டர்பரியைச் சுற்றிக்காட்ட வேண்டியவர்

விடுமுறையில் இங்கிலாந்தின் கேன்டர்பரி தேவாலயத்தில் எடுத்த படங்களைப் போன வாரம் இங்கே போட்டிருந்தேன். இன்று மாண்ட்ரியல் தமிழ்க் கடையில் அதற்கான விசாரணை நடந்தது.

முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த சிவா அண்ணை என் கையைப் பிடித்தார். "தம்பி, மகள் பால் எடுக்கப் போயிருக்கிறாள். அவள் வாறதுக்கிடையில சொல்லுங்கோ. அந்தக் கோயிலுக்குள்ள என்ன இருக்கு?"

கனடா வருமுன் அவர் மூன்று வருடம் கேன்டர்பரியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்த்தவர்.

"நீங்கள் பார்த்ததில்லையா?"

"வேலைக்குப் போகேக்கையும் பூட்டு, வரேக்கையும் பூட்டு. லீவு நாளில நித்திரை. ஆனா இவளுக்குச் சின்னனில, உள்ளுக்குப் போய் எல்லாம் பார்த்தனான் எண்டு கதை விட்டிட்டன். இப்ப அடுத்த கிழமைக்கு டிக்கெட் போட்டிருக்கிறாள். நான் சுத்திக்காட்ட வேணுமாம்."

யோசித்தேன். அரை நாள் உள்ளே இருந்திருக்கிறேன். நினைவில் நிற்பது என் கைப்பேசித் திரைதான். அவர் வெளியே நின்று பார்த்த அளவுகூட நான் உள்ளே நின்று பார்க்கவில்லை.

"கூரை நல்ல உயரம் அண்ணை," என்றேன்.

"அது றோட்டில நிண்டாலே தெரியுமே!"

அதற்குள் மகள் வந்துவிட்டாள். "அங்கிள், அப்பா அங்க ஒரு தூணில சாஞ்சிருந்துதான் லஞ்ச் சாப்பிடுறவராம். அதைத்தான் முதல்ல பார்க்கப் போறன்."

அண்ணை முருங்கைக்காயை உற்றுப் பார்த்தார்.

"நிறையத் தூண் இருக்கும்மா. எதுவென்று அப்பாவுக்குத்தான் தெரியும்," என்றேன்.

போய் வந்தவர்கள் யாராவது, சாய்ந்து சாப்பிடத் தோதான தூண் ஒன்றைச் சொல்லுங்கள். அடுத்த வாரத்துக்குள் வேண்டும்.