ஐம்பதும் நட்சத்திரம்

நாணயங்களைக் காகிதத்தில் சுற்றுவதற்கு ஒரு கைப்பழக்கம் வேண்டும். விவேக் நகரில் நான் மாடியறையில் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரருக்கு அது இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் சாப்பாட்டு மேஜை மேல் பழுப்புக் காகிதத்தை விரித்து, ஒரு ரூபாய் நாணயங்களை இடது கையால் அணைத்துப் படுக்க வைத்து, வலது கட்டைவிரலால் ஒரே ஒரு தள்ளு தள்ளுவார். காகிதம் தானாகவே போய்ச் சுற்றிக்கொள்ளும். மைதாப் பசை தடவி ஒட்டி, ஒட்டிய இடத்துக்குக் குறுக்கே நீல மையில் கையெழுத்தும் தேதியும் போடுவார். முனைகளை மூடமாட்டார், ஓரத்தை மட்டும் மடக்கி, கடைசி நாணயத்தின் முகம் வெளியே தெரியும்படி விடுவார். எண்ணுவதே கிடையாது. ஒருநாள் அவர் சுற்றப்போன வரிசையைப் பிடுங்கி எண்ணினேன். ஐம்பது இருந்தது. இன்னொன்றையும் எண்ணினேன், அதிலும் ஐம்பது. அவர் சிரித்துக்கொண்டே பசையைக் கிளறினார்.

தெருவில் எல்லாருக்கும் அவர் கேஷியர்தான். முப்பது வருஷம் வங்கியில் பணம் எண்ணிவிட்டு விருப்ப ஓய்வில் வந்தவர். அவருடைய தாத்தா காலத்திலேயே ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து இங்கே வந்துவிட்ட குடும்பம். பால்காரரிடம் கன்னடம், மனைவியிடம் தமிழ், கோபம் வந்தால் ஆங்கிலம். ஓய்வுக்குப் பிறகு பக்கத்து வேதக் கோயிலின் காணிக்கையை எண்ணிக் கட்டும் பொறுப்பை அவரிடம் கொடுத்திருந்தார்கள். வியாழக்கிழமைக் கூட்டம் போடும் சில்லறை மூட்டை மூட்டையாக வரும். அவர் எண்ணி முடித்ததை இன்னொருவர் சரிபார்க்கும் வழக்கமே இல்லை. சரிபார்க்க வேண்டியதில்லை என்று சொல்வதில் அவர் மனைவிக்கு, நான் ஆன்ட்டி என்று கூப்பிட்டவருக்கு, கழுத்துச் சங்கிலியைவிடப் பெருமை அதிகம்.

நான் திருப்பத்தூரிலிருந்து வந்தவள். தொம்மலூரில் ஒரு அலுவலகத்தில், கடல் கடந்த ஆட்களின் தொலைபேசிக் கட்டணப் புகார்களை அவர்கள் உச்சரிப்பிலேயே கேட்டு, அவர்கள் உச்சரிப்பிலேயே மன்னிப்புக் கேட்கும் வேலை. இருபத்துநான்கு வயது. தவணையில் ஒரு கணினி வாங்கி மாடியில் வைத்திருந்தேன். இணையத்தில் பொருள் விற்கும் தளங்கள் வந்த புதிது. எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காலத்து என்னை இப்போது எங்காவது பார்த்தால், எதிர்ப்பக்கம் போய்விடுவேன்.

கேஷியரின் பீரோவில் ஒரு தட்டு முழுக்க நாணயச் சுருள்கள் இருந்தன. வங்கியில் இருந்தபோது, புது நாணயம் வந்து இறங்கும் நாட்களில், சம்பளக் காசைக் கொடுத்து அவரே வாங்கிச் சுற்றியவை. அதில் ஒரு வருஷத்து ஒரு ரூபாய் மட்டும் நாற்பது சுருள் போல இருந்தது. ஆண்டு எண்ணுக்குக் கீழே சின்னதாக ஒரு நட்சத்திரம். ஹைதராபாத் நாணயச்சாலையில் அடித்ததற்கான குறி அது. சேகரிப்பவர்கள் அந்த வருஷத்து நட்சத்திரத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று நான் எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னேன். பீரோ காலியானால் சரி என்றார் ஆன்ட்டி. விற்கலாமே என்று ஆரம்பித்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அவர் எனக்கு எல்லாவற்றையும் சரியாகவே சொன்னார். நான் கணினி முன்னால் உட்கார்ந்திருக்க, அவர் பின்னால் நின்றுகொண்டு சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு நினைவிருக்கிறது. அந்தச் சுருள்களைச் சுற்றிய நாளில் கவுண்டருக்கு இரண்டு மூட்டை வந்தது. ஒன்று அப்போதுதான் ஹைதராபாத்திலிருந்து வந்தது. இன்னொன்று வேறு ஊரில் அடித்து, காப்பறையில் மாதக்கணக்கில் கிடந்து கொஞ்சம் மங்கியது. இரண்டையும் ஒரே மேஜையில் கொட்டித்தான் பிரித்துக்கொடுத்தார்கள். "ரெண்டு முனையிலயும் நட்சத்திரம் இருக்கு, அத நான் கேரண்டியா சொல்வேன். நடுவுல எது எத்தனைன்னு நான் பாக்கல பாப்பா. அப்படியே எழுதிடு" என்றார்.

முனையில் மட்டும் எல்லாச் சுருளிலும் நட்சத்திரம் எப்படி வந்தது என்று கேட்டேன். அது கேஷியர்களின் பழக்கமாம். சுருளின் இரு முனைக்கும் கீறல் இல்லாத, பளபளப்பான நாணயமாகப் பொறுக்கி வைப்பார்கள். கவுண்டரில் நீட்டும்போது பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. புது மூட்டை பளபளத்தது, அதனால் கை தானாக அதற்குப் போயிருக்கிறது. பூக்காரி மாலையின் முன்பக்கத்துக்கு நல்ல பூவை வைப்பது மாதிரி, யாரும் அதைத் திருட்டு என்று சொல்வதில்லை.

அவர் கீழே காபி குடிக்கப் போனார். நான் எழுதினேன். நடுவில் என்ன இருக்கிறது என்று தெரியாது என எழுதினால் யார் வாங்குவார்கள்? 'ஐம்பதும் நட்சத்திரம்' என்று எழுதினேன். 'ஓய்வு பெற்ற வங்கிக் கேஷியர் தன் கையால் சுற்றிக் கையெழுத்திட்டது, பிரிக்கப்படாதது' என்றும் சேர்த்தேன். படித்துக் காட்டவா அங்கிள் என்று மாடியிலிருந்து குரல் கொடுத்ததும் உண்மை. "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும், போடு" என்று கீழேயிருந்து பதில் வந்தது. எனக்கு அதனால் ஒரு பைசா லாபம் கிடையாது. கெட்டிக்காரி என்று பெயர் எடுக்கும் ஆசை, அவ்வளவுதான். காசுக்காகப் பொய் சொல்கிறவனுக்காவது ஒரு கணக்கு உண்டு.

சுருள்கள் விற்றன. அந்த வியாபாரத்தில் ஒரு விசித்திரம், வாங்குகிறவர் பிரித்துப் பார்க்கமாட்டார். பிரித்தால் மதிப்பு போய்விடும். முனையில் தெரியும் இரண்டு முகங்களையும் காகிதத்தின் மேல் இருக்கும் கையெழுத்தையும் நம்பி அப்படியே அலமாரியில் வைத்துக்கொள்வார். அதனால் மாதக்கணக்கில் பாராட்டு மட்டுமே வந்தது. தளத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் விழுந்த நல்வார்த்தைகளை நான் அலுவலகத்தில் அச்செடுத்துக்கொண்டு வருவேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்துவிட்டு, பாஸ்புக் வைக்கும் பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொள்வார்.

பிரித்தவர் நாக்பூர்க்காரர் ஒருவர். ஏன் பிரித்தார் என்று தெரியாது. ஐம்பதில் பதினொன்றுதான் நட்சத்திரம். கிழிந்த காகிதம், அதில் பாதியான கையெழுத்து, பக்கத்தில் இரண்டு குவியலாக நாணயங்கள், எல்லாவற்றையும் படம் எடுத்துத் தளத்தில் போட்டுவிட்டார். இரு முனையிலும் நல்லதை வைத்து நடுவில் கழிவை அடைத்திருக்கிறான், இது கைதவறி வருவதல்ல, திட்டமிட்ட மோசடி என்று எழுதியிருந்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் பிரித்தார்கள். எல்லாவற்றிலும் அதே கதை. எல்லா முனையிலும் நட்சத்திரம் என்பதே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. வங்கியில் இருந்த காலத்தில் இந்தக் கை எவ்வளவு சுருட்டியதோ என்று ஒருவர் கேட்டிருந்தார். தளத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.

அச்செடுத்த தாள்களை நான் இரண்டு நாள் கைப்பையிலேயே வைத்திருந்தேன். பிறகு கொடுத்தேன். ஒரு மணி நேரம் கழித்து அவர் மாடிக்கு வந்தார். மாடிக்கு வந்தால் எப்போதும் நின்றபடியே பேசுபவர், அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். வங்கியைப் பற்றிக் கேட்டவரின் தாள் மேலே இருந்தது. ஆனால் அவர் கேட்டது அதைப் பற்றியல்ல.

"இதுல ஐம்பதும்னு போட்டிருக்கே. நான் அப்படியா சொன்னேன் பாப்பா? முனையில இருக்குன்னு மட்டும்தான் சொன்ன மாதிரி எனக்கு ஞாபகம்."

கோபமாகக் கேட்கவில்லை. என்மேல் சந்தேகப்பட்டும் கேட்கவில்லை. ஒரு ரசீதைச் சரிபார்க்கிறவர் மாதிரிதான் கேட்டார். ஆமாம் அங்கிள், தப்பு என்னுடையது என்று சொல்லியிருந்தால் ஒருநாள் திட்டியிருப்பார். ஆன்ட்டி இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பார். அதற்கு மேல் ஒன்றும் ஆகியிருக்காது. எனக்கு அது அப்போதே தெரியும். ஆனாலும் வாய் கூசாமல் சொன்னேன்.

"நீங்கதான் சொன்னீங்க அங்கிள். ஐம்பதும்னு எழுதச் சொன்னீங்க. நான் ரெண்டு தடவ கேட்டேன்."

கேட்கப்படாத கேள்விக்கும் சேர்த்துச் சொன்ன அந்த 'ரெண்டு தடவ' இருக்கிறதே, அதுதான் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாதது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய்யைக் கண்டுபிடிக்கப் பார்க்கவில்லை, தனக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். பிறகு, "அப்படியா. அப்ப என் தப்புதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். அதற்கு முன்னால் அவர் கைப்பிடியைப் பிடித்து நான் பார்த்ததில்லை.

வாங்கிய ஒவ்வொருவருக்கும் கைப்பட மன்னிப்புக் கடிதம் எழுதினார். தான் கவனக்குறைவாகத் தவறான தகவல் கொடுத்துவிட்டதாக, அழகான சாய்ந்த ஆங்கில எழுத்தில், பெயர் பெயராக. பணத்தையும் திருப்பி அனுப்பினார். தளத்தில் போட வேண்டிய விளக்கத்தை அவர் சொல்லச் சொல்ல நானே தட்டினேன். 'தவறு முழுக்க என்னுடையது' என்ற வரியை அவர் சொன்னபோது என் விரல் நிற்கவே இல்லை. எல்லாம் செய்தும் அவர் கணக்கை மோசடிக்காரர் என்று எழுதி மூடிவிட்டார்கள். அது அவரை உடைத்துவிடும் என்று பயந்தேன். அதை அவர் தாங்கிக்கொண்டார். ஊரார் வாய், மூட முடியாது என்றார்.

அவர் தாங்காதது வேறு. ஒரு சாயங்காலம் ஆன்ட்டி அடுப்படியிலிருந்து ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டுவந்து காட்டினார். 'கேஸ் மூடியாயிற்று, 9.10' என்று எழுதி, கீழே கையெழுத்து. "பாரேன், அடுப்ப அணைச்சதுக்கு வவுச்சர் போடறாரு உங்க அங்கிள்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அடுத்த வாரம் வாசல் பூட்டுக்கு ஒரு சீட்டு வந்தது. பிறகு மாத்திரைக்கு. பாப்பா, இந்த மாசம் வாடகை கொடுத்துட்டியா என்று மாடிப்படிக்குக் கீழே நின்று கேட்பார். கொடுக்காமலே கொடுத்துவிட்டேன் என்றாலும் நம்பியிருப்பார். அந்தப் பொய்யை மட்டும் நான் சொல்லவில்லை. அவ்வளவு யோக்கியம் எனக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜை காலியாக இருந்தது. காணிக்கை எண்ணும் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்வதாகப் பங்குச் சாமியாரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தார். எண்ணிக்கை தப்பியதா என்றால், ஒரு ரூபாய்கூடத் தப்பியதில்லை. "சொன்னதே ஞாபகம் இல்லாதவன் சாமி காசைத் தொடலாமா" என்று கேட்டாராம். ஆன்ட்டி இதைச் சொல்லும்போது அவருக்குக் கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். என்மேல் சாய்ந்துகொண்டுதான் அழுதார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தேன், குழாய்ச் சத்தத்தில் நிறுத்திக்கொண்டேன் என்று எழுதினால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். உண்மையில் வாயே எடுக்கவில்லை. நாள் ஆக ஆக அது சின்னப் பொய்யாக இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்குச் சொன்னால் திட்டு. இப்போது சொன்னால், ஒரு மனுஷனின் புத்தியையே திருடினேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். சில மாதத்தில் அலுவலகத் தோழிகளோடு ஈஜிபுராவில் வீடு எடுத்துப் போய்விட்டேன். வாடகை அதிகம், தண்ணீர் வராது. இருந்தாலும் போனேன்.

அந்தத் தளம் எப்போதோ மூடிவிட்டது. கேஷியரும் இல்லை, ஆன்ட்டியும் இல்லை. இன்றைக்கு நான் ஒரு நிறுவனத்தில் புகார் தீர்க்கும் பிரிவுக்கே தலைவி. விற்றவர் சொல்வது உண்மையா, வாங்கியவர் சொல்வது உண்மையா என்று முடிவு செய்து கையெழுத்துப் போடுகிறேன். என் முடிவை மறுபடி யாரும் சரிபார்ப்பதில்லை.

அவரைக் கடைசியாகப் பார்த்தது, வீடு மாறி ஒரு வருஷம் கழித்து. கோயிலுக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தார். சட்டைப் பையில் துண்டுச் சீட்டுகள் புடைத்துக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பெரிய மருத்துவமனையில் மூளைக்குப் படம் எடுத்தார்களாம், கேள்வி கேள்வியாகக் கேட்டார்களாம், எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாராம். ஒரு குறையும் இல்லை, உங்கள் வயதுக்கு இவ்வளவு ஞாபகம் இருப்பதே பெரிது என்று சொல்லி அனுப்பிவிட்டார் டாக்டர்.

"அவருக்கு என்ன பாப்பா தெரியும், அரை மணி நேரம் பாத்தவரு. நான் அந்த ஐம்பது விஷயத்தச் சொன்னேன். அது யாருக்கும் வர்ற மறதின்றாரு. நான் மறக்கல பாப்பா. சொல்லாதத சொன்னதா, சொன்னத சொல்லாததா, மாத்தியில்ல வச்சிருக்கேன். நீ கூட இருந்தவ. உனக்குத் தெரியும்."

பேருந்து வந்தது. அவர் ஏறுவதற்கு முன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். நான் சொன்னேன்:

"டாக்டர் சொல்றது இருக்கட்டும் அங்கிள். எதுக்கும் நீங்க ஜாக்கிரதையா இருங்க."