ஸ்டெல்லா அக்கா போட்ட சண்டை

கம்பெனி கிளினிக்கில் ஊசி போட நர்ஸ் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்ததும், அதே வாசனையோடு சிடிகளைத் துடைத்துத் துடைத்து வாடகைக்கு விட்ட ஸ்டெல்லா அக்காவின் பாகலூர்க் கடை ஞாபகத்துக்கு வந்தது. ஞாயிறு மதியம் கடை டிவியில் சீனச் சண்டைப் படம் ஓடும். தனக்கே புரியாத பேச்சை அக்கா தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் மாற்றி மாற்றித் தெருப் பிள்ளைகள் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

ஒரு வாரம், ஹீரோ ரத்தம் வழிய விழுந்த இடத்தில் சிடி சிக்கிக்கொண்டது. நான் அழுதுவிட்டேன். அக்கா புடவையை இழுத்துச் செருகி, மீதிச் சண்டையைத் தானே போட்டு, வில்லனை உதைத்து ஜெயித்தாள்.

மறுவாரம் வந்த அதே படத்தின் புது சிடியில் ஹீரோ செத்துப்போனான். எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தோம்.

"அது அவங்க ஊர்ல," என்றாள் அக்கா. "நம்ம பாகலூர்ல அவன் பொழச்சுக்கிட்டான்."