பளிங்கும் எலுமிச்சை மூடியும்

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் நடத்தியவள் நான். பாறை மூன்று வகை என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒரே மூச்சில் ஒப்பிக்கும். என் தங்கை வீட்டுக்காரர் மண்டையில் மட்டும் அது ஏறவே இல்லை. புதுவயலில் அரிசி ஆலை வைத்திருக்கிறார். அதனாலேயே உலகத்தில் எல்லாம் தெரியும் என்று நினைப்பு.

கல்லலில் புதுவீடு கட்டினார். கண்டனூரில் இடித்த ஒரு பெரிய வீட்டின் வெள்ளைப் பளிங்கை வாங்கி வந்து தரைக்குப் போட்டுவிட்டு, "அசல் கிரானைட்டு!" என்று வருவோர் போவோரிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"கிரானைட்டுங்கிறது பூமிக்குள்ள உருகிக் கிடந்த குழம்பு ஆறி இறுகினது. அது தீப்பாறை. இது வேற. கடலடியில சிப்பியும் சங்கும் படிஞ்சு படிஞ்சு சுண்ணாம்புக்கல் ஆகும், அது படிவுப்பாறை. அந்தச் சுண்ணாம்புக்கல் பூமிக்குள்ள சூட்டுலயும் அழுத்தத்துலயும் கிடந்து மாறினாத்தான் பளிங்கு. உருமாறிய பாறை. புளிப்புப் பட்டா அரிச்சிரும்" என்றேன்.

அவர் கொத்தனாரைப் பார்த்துக் கண்ணடித்தார். "மதினி இன்னும் வகுப்புலதான் இருக்கீக. கல்லுன்னா கல்லுதான். புளி கல்லைத் திங்குமாம்ல!"

கொத்தனாரும் பல்லைக் காட்டினார். செவிடன் காதில் ஊதிய சங்கு.

தங்கைக்கோ அந்தத் தரைதான் உயிர். ஆலைக்குப் பின்னால் தவிடு பறக்கும் வீட்டில் இருபது வருஷம் வெடித்த சிமெண்டுத் தரையைக் கூட்டியவள். "முகம் தெரியுதுக்கா" என்று முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

புதுமனை புகும் அன்று, திருஷ்டிக்கு எலுமிச்சையை அறுத்துக் குங்குமம் தடவி வாசலின் இரண்டு பக்கமும் வைக்க வேண்டும். "மூத்தவுக நீங்கதானே, உங்க கையால வைங்க மதினி" என்று நீட்டினார் அந்த மேதாவி. அடியில் மூடிக்கொரு வெற்றிலை போட்டால் போதும், சாறு கல்லில் படாது. தாம்பாளத்தில் வெற்றிலை கவுளி கவுளியாகக் கிடந்தது. நான் போடவில்லை. அரிக்கட்டும், அப்போதாவது புத்தி வரட்டும் என்று வெறும் பளிங்கின் மேலேயே சாறு வழிய அழுத்தி வைத்தேன்.

மறுநாள் மூடிகளை எடுத்தபோது, வாசலின் இரண்டு பக்கமும் பளபளப்புச் செத்துச் சொரசொரத்த வட்டங்கள். உள்ளே குங்குமச் சிவப்பு ஊறியிருந்தது. அவர் எட்டிப் பார்த்தார். "சொத்தைக் கல்லைத் தலையில கட்டிட்டான்" என்று விற்றவனைத் திட்டிவிட்டு ஆலைக்குப் போய்விட்டார். அவருக்கு எங்கே புத்தி வந்தது?

தங்கை மண்டியிட்டுத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"புளிப்பு அரிக்கும்னு நீதானக்கா சொன்ன?"

சீ! பாடம் தெரிந்த ஒருத்தி அந்த வீட்டில் நான் மட்டும்தான். ஒரு வெற்றிலையை எடுத்து வைக்க எனக்குக் கை வரவில்லை.