உப்பு மிதிக்கிற வேலை

சூரியன் சும்மா கொடுத்த உப்பைச் சேறாக்குவதற்கென்றே ஒரு ஆளைச் சம்பளம் போட்டு வைத்திருந்தது சர்க்கார். கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள். வெயில் ஏறினால் கழிமுகத்துத் தரையில் தண்ணீர் வற்றி, பள்ளத்துக்குப் பள்ளம் உப்பு பூத்துக் கிடக்கும். யாரும் பாத்தி கட்டவில்லை, யாரும் தண்ணீர் இறைக்கவில்லை. ஆனால் அதில் ஒரு கைப்பிடி அள்ளினால் ஜெயில். துரைமார்களின் கிடங்கில் இருக்கிற வரி போட்ட உப்பு விற்க வேண்டாமா? அதனால் பூத்ததையெல்லாம் தினமும் காலையில் காலால் மிதித்துச் சேற்றோடு சேறாக்கிவிட வேண்டும். அந்த வேலைக்குத்தான் நம் ஆள்.

ஒல்லிக்குச்சி மனுஷன். தெருக்காரர்கள் அவனுக்கு வைத்த பேர் யானை. அவன் தலை தெரிந்தால் போதும், "வழி விடுங்கப்பா, யானை வருது, மிதிச்சிடப் போகுது" என்பார்கள். அவனும் சிரித்துக்கொண்டே போவான். வேறென்ன செய்வான், பாவம். அப்பா கடலுக்குப் போனவர் போனவர்தான். அன்றிலிருந்து இவன் பயந்துபோய்ப் படகில் காலே வைத்ததில்லை. மீன்பிடிக்கிற தெருவில் கடலுக்குப் போகாத ஆம்பளையை யார் மதிப்பார்கள்? பதினெட்டு வயசில் சர்க்கார் ஒரு காக்கிச் சட்டையும் ஒரு பித்தளை வில்லையும் கொடுத்தது, வாங்கி மாட்டிக்கொண்டான். பத்து வருஷத்தில் இரண்டு பாதமும் உப்பு அரித்து வெடித்துப் போயின.

கல்யாணம் காட்சி என்று ஒன்றும் இல்லை. அவனுக்கென்று இருந்தது ஒரே ஒரு தங்கச்சி. அவள் வீட்டுப் பின்பக்கத்து அறையில்தான் இருந்தான். அவளுக்குப் புருஷன், இரண்டு பெண் பிள்ளைகள், ஒட்டுப்போட்ட ஒரு படகு. அந்தப் படகு ஓடினால் அடுப்பு எரியும்.

ஒரு வருஷம் கடல் இரண்டு மாசமாகக் கையை விரித்துவிட்டது. ஒரு காலையில் என்ன நினைத்ததோ, மச்சானுடைய படகு விளிம்பு முட்ட மீனோடு வந்து நின்றது. அத்தனையும் மத்தி. அந்தி சாய்வதற்குள் உப்புப் போடாவிட்டால் வயிறு வெடித்து நாறிவிடும். உப்புப் போட்டுவிட்டால் மழைக்காலம் வரைக்கும் கவலையில்லை. தங்கச்சி கிடங்குக்கு ஓடினாள். கிடங்கு பூட்டிக் கிடந்தது. கிடங்குக்காரர் சாவியை மடியில் முடிந்துகொண்டு பெரிய ஆபீசுக்குப் போயிருக்கிறாராம், நாளை மறுநாள்தான் வருவாராம். எப்படி இருக்கிறது பாருங்கள் நிர்வாகம். ஓடின ஓட்டத்தில் அவள் நேரே அண்ணன் மிதித்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து நின்றாள்.

"அண்ணா, இந்த மூலைய மட்டும் விட்டுடு. மிதிக்காத."

"வேலை போயிடும்மா."

"மீனு போயிடும்ணா. நேத்து பெரியவ வெறும் தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்தா. உனக்குத் தெரியாதா?"

தெரியும். அவனும் அதே தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் படுத்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். "மேட்டுல நிக்கிற காவக்காரங்க சாப்பிடப் போற நேரமா பாத்து வா. கூடைக்கு மேல விறகு போட்டு மூடிக்கோ" என்றான்.

மூலையை விட்டான். ஆனால் வெள்ளையாக விட்டால் மேட்டில் நிற்கிறவன் கண்ணை உறுத்துமே. பக்கத்துப் பள்ளத்திலிருந்து கருஞ்சேற்றை அள்ளி, சுவருக்குப் பூசுகிற மாதிரி மேலே மெல்லிசாகப் பூசினான். மிதித்த தரை பார்வைக்கு எப்படி இருக்கும் என்று அவனுக்கா தெரியாது? அங்கங்கே காலடித் தடம்கூடப் பதித்து வைத்தான். தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வேறு.

அங்கேதான் கெட்டது. அவள் அவசரத்தில் சேற்றோடு சேர்த்துத்தான் சுரண்டினாள். கழுவினால் உப்பு கரைந்து போகும். அப்படியே மீனில் போட்டு ஆறு பானையில் அடுக்கினாள். மறுநாள் உப்பு இன்ஸ்பெக்டர் தெருவுக்குச் சோதனைக்கு வந்தார். நம்மில் ஒருவர்தான், ஆனால் துரையைவிட விறைப்பு. ஒரு பானையைத் திறக்கச் சொன்னார், ஒரு மீனின் செவுளைப் பிரித்தார். உள்ளே கன்னங்கறுப்பாகச் சேறு. அந்தச் சேறு கழிமுகத்துத் தரையைத் தவிர வேறெங்கும் கிடையாது. வெள்ளையாகவே விட்டிருந்தால் என்றைக்கோ வாங்கின கிடங்கு உப்பு என்று சாதித்திருக்கலாம். அவளைக் காப்பாற்றப் பூசின சேறுதான் அவளைக் காட்டிக்கொடுத்தது.

அவனைக் கூப்பிட்டனுப்பினார்கள்.

"நீ விட்டுக் குடுத்தியா, இவ திருடினாளா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவன் தங்கச்சியைப் பார்த்தான். சர்க்கார் ஆளும் உடந்தை என்றால் இரண்டு பேருக்கும் தண்டனை இரட்டிப்பு, படகும் பறிமுதல். அது அவனுக்கும் தெரியும், தங்கச்சிக்கும் தெரியும். அவள்தான் முந்திக்கொண்டாள்.

"எங்க அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அது மிதிச்சிட்டுப் போனதுக்கு அப்புறம் நான்தான் சுரண்டினேன்."

"அப்படியா?" என்று இன்ஸ்பெக்டர் அவன் பக்கம் திரும்பினார்.

அவன் தலையை ஆட்டினான். தங்கச்சி திருடி என்று எழுதின காகிதத்தில் கைநாட்டும் வைத்தான். அவளுக்கு மூன்று மாசம் ஜெயில் என்று பிற்பாடு கோர்ட்டில் தீர்ப்புச் சொன்னார்கள். அவன் அதே காக்கிச் சட்டையில் இன்னும் இருபது வருஷம் மிதித்தான். அதற்கப்புறம் யாரும் அவனை யானை என்று கூப்பிடவில்லை. கேலி பண்ணுகிற அளவுக்குக்கூட அவனோடு யாரும் பேசவில்லை.

ஆனால் அன்றைக்கு அந்தக் கைநாட்டோடு விட்டார்களா? திருட்டு உப்புப் பட்ட மீனையும் அழித்தாக வேண்டுமாம். வீட்டு வாசலுக்கு எதிரிலேயே குழி வெட்டி, ஆறு பானையையும் கவிழ்த்து, மேலே சேற்றையும் தண்ணீரையும் கொட்டினார்கள். மிதிக்கிற ஆள்தான் கைவசம் இருக்கிறானே.

"இறங்கு" என்றார் இன்ஸ்பெக்டர்.

மச்சான் படகில் சாய்ந்துகொண்டு இந்தப் பக்கமே திரும்பவில்லை. பிள்ளைகள் விறகு பொறுக்கப் போயிருந்தார்கள். அவன் குழிக்குள் இறங்கினான். ஒரு அடி வைத்தான். காலுக்குக் கீழே மீன் வழுக்கியது, நசுங்கியது. அடுத்த காலைத் தூக்க முடியவில்லை. எல்லார் முன்னாலும் குழந்தை மாதிரி அழுதான்.

இடுப்பில் கயிறு கட்டி நிறுத்தியிருந்த தங்கச்சி, அடுக்களையிலிருந்து ஒத்தாசைக்குக் கூப்பிடுகிற அதே குரலில் சொன்னாள்:

"சீக்கிரம் மிதிச்சு முடிண்ணா. புள்ளைங்க வர்ற நேரம்."