நாடகத்துக்கு முன்னால் நான்கு வரி

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். குற்றால அருவிக்கரையில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுப் பிழைப்பைத் தொடங்கினேன். அந்தக் கையால்தான் லாட்ஜ் கட்டினேன், தென்காசியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்தேன். பழைய தமிழ் நாடகங்களுக்கென்று ஓர் இணையதளமும் உண்டாக்கினேன். அதில்தான் போன வருஷம் சாரல் சமயத்தில் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

தளத்தை வடிவமைத்தது என் மருமகள். ஒவ்வொரு நாடகத்துக்கும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தொடர் எண் உண்டு. ஆராய்ச்சி செய்கிறவர்கள் ஒரு வசனத்தைத் தொட்டால் போதும். நாடகத்தின் பெயர், பதிப்பு, வரி எண் எல்லாம் மேற்கோள் குறிப்பாக வந்து நிற்கும். படிக்கிறவர் அந்த எண்ணைத் தட்டினால் வசனம் வரும். மூளை அவளுடையது, பிடிவாதம் என்னுடையது.

எங்கள் ஊர்க் கோயில் கொடைவிழாவில் நாடகம் போட்டால், திரை விலகுமுன் உபயதாரர் பெயரைச் சொல்லி வாழ்த்துவார்கள். என் பெயரை மைக்கில் கேட்டு எத்தனையோ முறை மார்பை நிமிர்த்தியிருக்கிறேன். தளத்திலோ அது கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் கிடந்தது. மனம் ஒப்பவில்லை. மருமகள் தாய்வீட்டுக்கு ஆய்க்குடி போயிருந்த சமயம், அவசரத்துக்கென்று அவள் தந்திருந்த பாஸ்வேர்டைப் போட்டு, ஒவ்வொரு நாடகத்தின் தலையிலும் என்னைப் பற்றி நான்கு வரி வாழ்த்து ஏற்றிவிட்டேன்.

வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "கோயில் டியூப் லைட்டுல பேரு எழுதினது பத்தலியாக்கும்?" என்றாள். சிரித்துக்கொண்டேன்.

ஐப்பசி மழையில் இலத்தூர்ப் பெண் ஒருத்தி நனைந்தபடி எங்கள் சென்டருக்கு வந்தாள். சாரலுக்கு முன்பே இந்த நாடகங்களை வைத்து முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு கொடுத்தவள். தேர்வாளர் அவள் தந்த எண்களைத் தட்டிப் பார்த்திருக்கிறார். ஒரு வசனமும் அந்தந்த இடத்தில் இல்லை. எல்லாம் இட்டுக்கட்டியது என்று ஆய்வேட்டைத் திருப்பிவிட்டார்.

"அண்ணாச்சி, நான் பொய் எழுதல. ராஜா பேசுத இடத்தத் தட்டினா காவக்காரன் கொட்டாவி விடுதான்" என்றாள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

மருமகள் திறந்து பார்த்தாள். "எல்லாம் நாலு வரி தள்ளிப் போயிருக்கு. மாமா, இங்கன யாரு கை வச்சா?"

"நாந்தாம்மா. பேருதான போட்டேன்?"

"அதுவும் வரிதான மாமா! கம்ப்யூட்டருக்கு ராஜாவும் தெரியாது, உபயதாரரும் தெரியாது."

அன்றே அந்த வரிகளை எடுத்தாள். பல்கலைக்கழகத்துக்கு விளக்கமும் எழுதினாள். பிறகு ஆய்வேட்டை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அந்தப் பெண்ணுக்கு வரவிருந்த கல்லூரி வேலை, பட்டம் கைக்கு வரத் தாமதமானதால் வேறொருவருக்குப் போய்விட்டது. இப்போது சுந்தரபாண்டியபுரத்தில் டியூஷன் எடுக்கிறாள். பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் அவளாகவே, "நல்லாருக்கியளா அண்ணாச்சி?" என்று கேட்கிறாள். நான் பஸ் வருகிறதா என்று பார்க்கிற மாதிரி திரும்பிக்கொள்கிறேன்.

தளத்தில் மருமகள் ஓர் அறிவிப்பு போட்டிருக்கிறாள்: தொழில்நுட்பக் கோளாறால் வரி எண்கள் சில காலம் தவறாக இருந்தனவாம். மாமனார் மானம் போகக் கூடாதென்று அப்படி எழுதியிருக்கிறாள். ஒன்றுமில்லாத இடத்தில் இத்தனையும் கட்டியவன் நான்; அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஆனால் ஒரு பெண்ணின் வேலை போனதும் என் கையால்தான். ஆகவே அந்தக் கோளாறுக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படுகிற பெரிய எழுத்தில், என் பெயரைப் போட்டே ஆக வேண்டும்.