காவடிப் பூ

மண்வெட்டியை இன்னொரு தரம் இறக்கினாள் பாஞ்சாலி. ஏரிக்கரை மண் சொதசொதவென்று பிளந்தது. விரல் தடிமனில் கருத்த புழு ஒன்று உள்ளே இழுத்துக்கொள்ளப் பார்த்தது. விடாமல் தோண்டி எடுத்து வாளியில் போட்டாள். பதினொன்று.

நான்கு தொட்டிக்குப் பதினொன்று.

மகளிர் குழுவின் மண்புழு உரக் கொட்டகை மூன்று வருடமாக அவள் பொறுப்பில் இருந்தது. அதற்கு முன் ஜல்லி மிஷினில் கல் சுமந்தாள். அதில் பிடித்துக்கொண்ட இடுப்பு இன்னும் சரியாகவில்லை. நாளைக்குக் குழுத் தலைவி சுதா வருகிறாள். தொட்டியில் புழு இல்லையென்றால் கொட்டகை வேறு ஆளுக்கு.

ஆடிக்கிருத்திகை முடிந்ததும் மலையடிவாரத்தில் குவிந்து கிடந்த காவடிப் பூவை ஆட்டோவில் ஏற்றி வந்தது அவள்தான். வேண்டுதல்காரர்கள் கொட்டிய உப்பும் மிளகும் அதில் கலந்திருந்தன. அலசிப் போட்டிருக்கலாம். முருகனுக்கு வந்த பூவை வாய்க்கால் தண்ணீரில் போட்டு அலச மனம் வரவில்லை. அப்படியே நான்கு தொட்டியிலும் பரப்பினாள். மூன்றாம் நாள் புழுக்கள் சுவரேறி வெளியே விழுந்து காய்ந்தன. மிச்சம் உள்ளேயே கூழாகிவிட்டன.

"இன்னா மச்சினிச்சி, மீன் புடிக்கவா?" அக்கா புருஷன் சேட்டு புல்லுக்கட்டோடு நின்று வாளியை எட்டிப் பார்த்தான்.

"வவுத்தெரிச்சலக் கொட்டிக்காத பாவா. புழு தேடிகினு கீறேன்."

"ஏரிப் புழு ஆழத்துல மண்ணத் துன்னுறது. உன் சாணித் தொட்டியில ஒரு நாள் தங்காது. கழனியில பாத்தியா?"

"மூணு கழனி தோண்டிட்டேன். குருணை மருந்து போட்ட மண்ணு. ஒண்ணுகூட இல்ல."

"வாழத்தோப்பு?"

"நூலாட்டம் வெளுத்துக் கெடக்குது. தொட்டா அறுந்துபூடுது. அறுவாத நாலு வாளியில கீது."

சேட்டு கட்டை இறக்கி வைத்தான். "உனக்கு வோண்டியது சாணி துன்ற செவப்புப் புழு. என் எருக்குழியில கொசகொசன்னு கெடந்துது."

மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"போன வாரந்தான் எருவ வாரி வெயில்ல காயப்போட்டேன். ஒரு வார்த்த முன்னாடியே சொல்லியிருந்தா..."

அவள் அதைக் கேட்கவில்லை. வாளியோடு எருக்குழியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். குழியின் ஓரத்து ஈரத்தை விரலால் பிராண்டினாள். நகத்துக்குள் சாணி ஏறியது. ஆறு சிவப்புப் புழு கிடைத்தது. கொட்டகைக்குப் போய் ஒரு தொட்டியைக் கழுவி, புதுச் சாணி போட்டு, எல்லாவற்றையும் அதில் விட்டு, ஈரச் சாக்கால் மூடினாள். "துன்னுங்கடா" என்றாள். "எதையாவது துன்னுங்கடா."

மறுநாள் காலையில் ஏரிப் புழுக்கள் தொட்டியில் இல்லை. வாழைத்தோப்புப் புழுக்கள் செத்திருந்தன. சிவப்புப் புழு ஆறும் இருந்தன. பதினோரு மணிக்குச் சுதா வந்தாள். நான்கு தொட்டியையும் குச்சியால் கிளறினாள். "ஆறு புழுவ வெச்சிகினு இன்னாக்கா பண்றது?" என்றாள். பாஞ்சாலி கொட்டகைச் சாவியைக் கொடுத்தாள். ஆறு புழுவையும் ஒரு கொட்டாங்குச்சியில் எடுத்துப்போய் சேட்டின் எருக்குழியில் விட்டாள். மத்தியானம் ஜல்லி மிஷின் மேஸ்திரியைப் பார்த்தாள். திங்கட்கிழமை வரச் சொன்னார்.